குறுந்தொலைவுக்கு வண்டி எதற்கு?

மிதிவண்டியில் அலுவலகம் செல்வது வசதியற்றோரின் வழக்கம் என்றோ, பொழுதுபோக்காளர்களின் ஆர்வம் என்றோ நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பணிக்குச் செல்லும் முறை குறித்துக் கேட்கப்பட்டது. வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற பணிகளுக்காக வெளியே செல்வோரில் நடந்து செல்வோரே மிகுதி என்றும், மிதிவண்டியில் செல்வோர் மோட்டார் இருசக்கர வாகனத்தில் செல்வோரைவிடச் சற்றே கூடுதல் என்றும் தெரிய வந்தது. அதன் பின்னர் இருசக்கர வாகனங்கள் பெருகியுள்ளன. எனினும், நம் சாலைகளைப் பெரும்பான்மையோர் காலின் வலிமையால் கடந்து வந்தது மிகப் பழைய கதையன்று.

வாகனக் கடன் வழங்கும் வங்கியின் இதழ் இதைப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வாடிக்கையாளரின் வரவு செலவு சீராக இருப்பதே எந்த வங்கிக்கும் நன்று என்பது நம் கருத்து. கணக்கையும் மிகைப்படுத்தாமல் பார்ப்போம். அலுவலகம் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனில், மாதம் 25 நாள்களுக்குப் போக வர 250 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 5 லிட்டர் பெட்ரோல் போதும். லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் என்று கொண்டால் மிச்சம் மாதம் 500 ரூபாய். இது பெருந்தொகையன்று. உண்மையான சேமிப்பு, குடும்பத்திற்கு இரண்டாவது வண்டியே தேவையில்லை என்று முடிவெடுப்பதில் உள்ளது. மாதத் தவணை, காப்பீடு, பழுதுபார்ப்புச் செலவு, ஆண்டுதோறும் குறையும் வண்டியின் மதிப்பு ஆகிய அனைத்தும் அப்போது மிஞ்சும்.

உடல்நலமும் உண்டு. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வழிக்கு 20 நிமிடம் வீதம், வாரம் நான்கு நாள் மிதிவண்டியில் சென்று வந்தால் 160 நிமிடம் ஆகிவிடும்.

தொடங்குவோர் முதல் நாளே அலுவலக நேர நெரிசலில் இறங்க வேண்டா. விடுமுறை நாள் காலையில் ஒருமுறை சென்று வந்து, பெருஞ்சாலையைத் தவிர்க்கும் உட்தெருக்களைக் கண்டறியலாம். கீழ்நிலையில் உள்ள மிதியைக் குதிகால் தொடும்போது கால் ஏறத்தாழ நேராக இருக்கும்படி இருக்கையின் உயரத்தை அமைத்தால் முழங்கால் வலிக்காது. முன்விளக்கு, பின்புறச் சிவப்பு விளக்கு, மணி, தலைக்கவசம் ஆகியவை இன்றியமையாதவை. பையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டிவிட்டு, அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருந்தால் வியர்வை ஒரு தடையாகாது. முதல் மாதம் வாரம் இரு நாள் போதும். அலுவலகம் தொலைவில் இருப்பவர்கள் ரயில் நிலையம் வரை நடக்கலாம். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு நடப்பதே பாதுகாப்பு. கடும் வெயில் நாள்களிலும், டில்லி போன்ற நகரங்களில் புகைமூட்டம் கவியும் குளிர்கால நாள்களிலும் பேருந்தையோ மெட்ரோவையோ நாடுவதில் தவறில்லை.

ஆனால் தனிமனித முயற்சி மட்டும் போதாது. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,000-க்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். சாலைகள் வாகனங்களுக்காக அல்ல, மனிதர்களுக்காகத் திட்டமிடப்பட வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே கூறியிருந்தது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சுட்டிக்காட்டியது. கொள்கையும் தீர்ப்பும் இருந்தும், பல நகரங்களில் நடைபாதையில் வண்டிகளே நிற்கின்றன.

வேறு வழியின்றி மிதிவண்டியில் செல்லும் கட்டடத் தொழிலாளியின் குரல் மாநகராட்சிக்கு எளிதில் எட்டுவதில்லை. வேறு வழி இருந்தும் அவருடன் அதே சாலையில் செல்ல முன்வருவோர் கேட்டால், அது அவருக்கும் சேர்த்துக் கேட்டதாகும். எனவே வாசகர்கள் தத்தம் வார்டு உறுப்பினரிடம் நடைபாதையைக் கேட்கட்டும். பணியிடத்தில் மிதிவண்டி நிறுத்த நிழலுள்ள இடத்தைக் கேட்கட்டும். வங்கிக் கிளைகளின் வாசலிலும் அத்தகைய இடம் வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.