நாய்க்குத் தெரிந்த எல்லையும் பட்டாவுக்குத் தெரியாத உரிமையும்

சென்ற வாரம் இங்கே தில்லியில் நடந்த ஓர் ஆய்வரங்கில், பொருளியல் மாணவர் ஒருவர் இந்தோனேசியச் சிற்றூர்களின் வறுமைக்கு ஒரே மருந்து பட்டா என்று வாதிட்டார். ஆளுக்கொரு பட்டா கொடுத்துவிட்டால் நிலம் பிணையாகும், பிணை கடனாகும், கடன் மூலதனமாகும், மூலதனம் வறுமையைத் தீர்க்கும் என்றார். அரங்கு தலையசைத்தது. மறுத்துப் பேச எனக்குக் கிடைத்தவை இரண்டு நிமிடங்கள். அவ்விரண்டு நிமிடங்களில் சொல்ல இயலாமற் போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

இவ்வாதத்தின் மூலவர் பெரு நாட்டுப் பொருளியலறிஞர் எர்னாந்தோ தெ சோத்தோ. 2000-இல் வெளிவந்த 'மூலதனத்தின் மர்மம்' நூலில் அவர் ஒரு கதை சொல்கிறார். பாலித் தீவின் நெல்வயல்களினூடே நடந்தபோது எது யாருடைய வயல் என்று அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆனால் ஒரு வயலைக் கடந்து மற்றொன்றில் கால்வைத்தபோதெல்லாம் வேறொரு நாய் குரைத்ததாம். ஆகவே, நாய்களுக்குத் தெரிந்ததைச் சட்டமாக எழுதுங்கள் என்று இந்தோனேசிய அமைச்சர்களுக்கு அவர் அறிவுரை கூறினார்.

அழகான கதைதான். ஆனால் நாய் அயலானைக் கண்டு குரைக்கும். ஊராரைக் கண்டு குரைக்காது. அவ்வயலில் அறுவடைக்கு வந்து கதிரில் பங்கு பெறும் நிலமற்ற பெண்ணைக் கண்டு அது வாலாட்டும். அவளுக்கும் அந்நிலத்தில் ஓர் உரிமை உண்டு; அது எல்லைக்கோடாக வரையத்தக்க உரிமை அன்று. தெ சோத்தோவின் செவிக்கு எட்டியது எல்லை மட்டுமே. குரைப்பொலி எழாத இடத்தில் இருந்த உறவுகள் அவர் கணக்கில் ஏறவேயில்லை.

இது கற்பனை அன்று. சாவகத் தீவின் ஊர்களில் 'அனி-அனி' என்னும் விரலடங்கும் சிறு கத்தியால் பெண்கள் கதிர் கதிராக நெல்லறுத்தார்கள். அறுவடைக்கு வருவோரைத் தடுப்பது ஊர்வழக்குக்கு மாறானது. அறுத்ததில் ஒரு பங்கு, 'பாவோன்' என்ற பெயரில் அறுத்தவர்க்கு உரியது. பசுமைப்புரட்சியின் குட்டை நெல்வகைகள் வந்தபின், 1970-களில், விளைந்த பயிரை வயலிலேயே வணிகருக்கு விற்றுவிடும் 'தெபாசான்' முறை பரவியது. வணிகர் தம் ஆட்களை அரிவாளுடன் அழைத்து வந்தார். ஊர்ப்பெண்கள் பலர் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். இத்தனைக்கும் நில உரிமைப் பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பதிவேட்டை மட்டும் படிக்கும் ஆய்வாளர் அவ்வூரில் ஒன்றும் நிகழவில்லை என்றே எழுதியிருப்பார்.

சட்டத்துக்கு வருவோம். இந்தோனேசிய மொழியில் சிற்றூருக்குப் பெயர் 'தேசா'. அரசுக்குப் பெயர் 'நெகாரா'. இரண்டும் நமக்கும் தெரிந்த வடசொற்களே. நாம் தேசம் என்று நாட்டைக் குறிக்கும் சொல் அங்கே ஊராயிற்று. நாம் நகரம் என்று ஊரைக் குறிக்கும் சொல் அங்கே அரசாயிற்று. அந்நாட்டு நில வரலாறு முழுவதையும் இவ்விரு சொற்களுக்கிடையே நிகழ்ந்த வழக்காகவே படிக்கலாம். 1870-இல் டச்சு ஆட்சி, உரிமை மெய்ப்பிக்கப்படாத நிலமெல்லாம் அரசுடையது என்று அறிவித்து, 75 ஆண்டு வரையிலான குத்தகைக்குத் தோட்ட முதலாளிகளிடம் கொடுத்தது. எழுத்து இல்லாதவனிடம் எழுத்தைக் கேட்பதே அன்றைய பறிமுதலின் முறை.

விடுதலை பெற்ற நாடு அதை முறிக்க முயன்றது. 1960-ஆம் ஆண்டின் அடிப்படை நிலச்சட்டம் குடியேற்றக் காலச் சட்டத்தை நீக்கியது. எல்லா நில உரிமைக்கும் சமூகக் கடமை உண்டு என்றது. முழு உரிமையைக் குடிமக்களுக்கே ஒதுக்கியது. அதே ஆண்டில் நில உச்சவரம்புச் சட்டமும் குத்தகைப் பங்கீட்டுச் சட்டமும் வந்தன. அச்சட்டங்களை நடைமுறைப்படுத்தக் கோரிய உழவர்களுக்கு நேர்ந்தது என்ன? 1965-66 படுகொலைகளில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதன்பின் நிலம் கேட்பதே பொதுவுடைமைக் குற்றமாகக் கருதப்பட்டது. இந்தோனேசியச் சிற்றூருக்குச் சட்டம் போதவில்லை என்போர் இவ்வரலாற்றை அறியாதவர்கள், அல்லது அறிந்தும் மறைப்பவர்கள். சட்டம் இருந்தது. அதைக் கேட்டவர்கள்தாம் இல்லாமற் செய்யப்பட்டார்கள்.

இன்றைய பட்டாத் திட்டத்தைப் பாருங்கள். நாட்டில் ஏறத்தாழ 12.6 கோடி நிலத்துண்டுகள். அவற்றுள் 2015 அளவில் சான்றிதழ் பெற்றவை 4.6 கோடி மட்டுமே என்று அதிபர் ஜோகோ விடோடோ மேடைதோறும் கூறிவந்தார். 2017 முதல் பெருவேகத்தில் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. இது சிறு பணி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'வன மண்டலம்' என்று குறிக்கப்பட்ட நிலத்துக்குள் இத்திட்டம் நுழையாது. அம்மண்டலமோ நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல். மரபுச் சமூகங்களின் காடு அரசுக் காடு அன்று என்று அரசமைப்பு நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்து, சட்டவாசகத்திலிருந்து 'நெகாரா' என்ற ஒரு சொல்லையே நீக்கியது. சொல் நீங்கியது, நிலம் எளிதில் திரும்பவில்லை. தகராறு குறைந்த இடத்துக்கு விரைந்து செல்லும் பட்டா, தேவை மிகுந்த இடத்தின் வாசலில் நின்றுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. சான்றிதழ் வழங்கிய மேடைகளில் அதிபரே மக்களிடம், இதை வங்கியில் வைப்பதானால் திருப்பிக் கட்ட முடியுமா என்று நன்றாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என எச்சரித்தார். பிணை என்பது இழக்கத்தக்க பொருள் என்பதை ஆய்வரங்கு மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

அந்த இழப்பு எப்படி நிகழும் என்பதற்குத் தானியா மரே லீ 2014-இல் வெளியிட்ட 'நிலத்தின் முடிவு' என்னும் நூலே சான்று. நடுச் சுலாவெசி மலையில் வாழும் லௌஜே மக்களிடையே 1990 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் மீண்டும் மீண்டும் சென்று ஆய்ந்தார். முதலில் காடு திருத்திய முன்னோரின் வழித்தோன்றல்கள் அந்நிலத்தில் மாறி மாறிப் பயிரிட்டு வந்தார்கள். 1990-களில் கொக்கோ வந்தது. மரம் நட்டவனுக்கு நிலம் நிலையாக உரியதாயிற்று, விற்கத்தக்க துண்டாயிற்று. அத்தகைய துண்டைக் குறிக்க அவர்கள் மொழியில் சொல் இல்லாமையால், 'லோகாசி' என்ற சொல்லை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த தலைமுறைக்குள் சிலர் பல துண்டுகளுக்கு உரியவரானார்கள். அவர்களுடைய உறவினரும் அண்டைவீட்டாரும் நிலமற்றோர் ஆனார்கள். நிலமிழந்தவர்க்கு மாற்று வேலையும் இல்லை.

கவனியுங்கள்: அங்கே நிறுவனம் எதுவும் வந்து நிலம் பறிக்கவில்லை. அரசு வெளியேற்றவில்லை. பட்டாவும் போகவில்லை. ஆனால் பட்டா வாக்களிக்கும் அனைத்தும் போய்ச் சேர்ந்தன: தனியுரிமை, விற்கும் உரிமை, கடன். ஆய்வரங்கு மாணவரின் மருந்து அந்த மலையில் முன்பே பரிசோதிக்கப்பட்டுவிட்டது.

இதே சான்று என் பக்கத்து நண்பர்கள் சிலரையும் சுடும். ஊர்வழக்கு, அதாவது 'அதாத்', தானாகவே ஏழையைக் காக்கும் என்று நம்புவோர் லௌஜே மலையில் அது காக்கவில்லை என்பதை ஏற்கவேண்டும். சாவக மரபுரிமை வழக்கு ஒன்று மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் வகுக்கிறது. ஆண் காவடியில் இரு சுமை தூக்குவான், பெண் முதுகில் ஒரு சுமை தூக்குவாள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இதை மரபு என்று போற்ற நான் ஆயத்தமாக இல்லை. தோட்ட நிறுவனமோ சுரங்கமோ வாசலில் வந்து நிற்கும்போது கையில் ஒரு தாள் இருப்பது இல்லாததைவிட மேல் என்பதையும் மறுக்கவில்லை.

என் வாதம் பட்டா வேண்டாம் என்பதன்று. விற்பதற்கான உரிமையை மட்டும் கொடுத்துவிட்டு, விற்காமலிருப்பதற்கான வலிமையைக் கொடுக்காத பட்டா, நிலமுள்ளவனைக் கடன்காரனாகவும் கடன்காரனை நிலமற்றவனாகவும் மாற்றும் சீட்டு என்பதே. இந்தோனேசிய வேளாண் குடும்பங்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் அரை எக்டேருக்கும் குறைவான நிலத்தையே வைத்திருக்கிறார்கள். அந்த அரை எக்டேரைப் பிணையாக வைத்துத் தொழில்முனைவோர் ஆகுங்கள் என்பது, ஒரு விளைச்சல் பொய்த்தால் ஊரைவிட்டுப் போங்கள் என்பதன் மறுவடிவம். விற்காமலிருக்கும் வலிமை எங்கிருந்து வரும்? உச்சவரம்பிலிருந்து, கூட்டுரிமைக்கான சட்ட ஏற்பிலிருந்து, மகளின் பெயரும் இடம்பெறும் பதிவிலிருந்து, நோய்க்கும் பஞ்சத்துக்கும் நிலத்தை விற்க நேராதபடி காக்கும் பொதுச் செலவிலிருந்து. இவற்றுள் முதலாவதை 1960-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது.

இது நமக்கு எட்டாத் தொலைவில் உள்ள சிக்கலும் அன்று. 2020-இல் இந்திய அரசு தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டம், ட்ரோன் கொண்டு ஊர்க் குடியிருப்புகளை அளந்து உரிமை அட்டை வழங்குகிறது. அச்சொத்தைக் காட்டிக் கடன் பெறலாம் என்பது அதன் அறிவிக்கப்பட்ட பயன்களுள் ஒன்று. அதே கோட்பாடு, அதே நாய்க்கதை. ஆகவே அந்த மாணவ நண்பரிடமும் இதைப் படிக்கும் ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை ஒரு சிற்றூரின் நிலத்துக்கு என்ன எதிர்காலம் என்று கட்டுரை எழுதும்போது, அந்நிலம் என்ன விலைபோகும் என்ற அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியையும் சேருங்கள்: இருபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூரில் குடியிருக்கப் போவது யார்? அந்தப் பத்தியை நிரப்பியபின் வாருங்கள், விவாதிப்போம்.