மாத்திரையை மட்டும் எண்ணினோம்

பழையனூர் நீலி கதை நம் திருவாலங்காட்டுப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீலியைக் காட்டி, 'இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்' என்று ஒரு வணிகன் கதறினான். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையும் கையுமாக நின்ற பெண்ணை நம்பினார்கள். 'உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று அவனை அவளோடு அனுப்பினார்கள். விடிந்தபோது அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக அந்த வேளாளர் எழுபது பேரும் தீப்புகுந்தார்கள். ஒருவன் பயந்து சொன்னதைக் காதில் வாங்காததுதான் அவர்கள் செய்த பிழை. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களிடம் நாம் செய்திருப்பதும் அதுதான். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. காதைத்தான் கேட்கிறார்கள்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. உயிர் தப்பியது, இனி என்ன என்று இருந்துவிட்டோம். எடை பார்த்தோம், ரத்தத்தில் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை பார்த்தோம், மிச்ச மாத்திரையை எண்ணினோம். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டவர்கள் குறைவு.

எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் மருந்து டப்பாவின் லேபிளைக் கிழித்து, குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு திணித்து, பையின் அடியில் வைத்துக்கொண்டு ரயிலேறுகிறார்கள். அந்தப் பஞ்சு நமக்குப் பயந்து வைத்தது. தனி டம்ளர் ஒதுக்கினோம். காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டோம். அவர்களில் ஒருவர் சாப்பாட்டைத் தள்ளி, சுருண்டு படுத்து, மருந்தையும் நிறுத்தியபோது 'அலட்சியம்' என்றோம். மாத்திரை என்பது நாளைக்காகப் போடுவது. மனச்சோர்வில் விழுந்தவருக்கு நாளை மேல் பிடிப்பே விட்டுப்போகிறது. மருந்து நின்றால் வைரஸ் பெருகும். உடம்பு சாயச் சாய மனசும் சரியும். முன்பு கொடுத்த எஃபாவிரென்ஸ் மாத்திரை சிலருக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும். அதைச் சொன்னவர்களிடமும் 'பழகிடும்' என்றோம்.

கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனசு சோர்ந்தே கிடக்கிறதா? மருத்துவ உலகம் முழுக்கப் புழங்கும் இந்த இரண்டு கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும். ஆமென்றால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஆலோசனையாலும் மருந்தாலும் மனச்சோர்வு தேறும். ஜிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிமார் மரப் பெஞ்சில் உட்கார்ந்து இந்த ஆலோசனை வேலையைச் செய்கிறார்கள். இங்கே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

மருந்து வாங்க வரும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்பது வழக்கமாக வேண்டும். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் அதைத் தடுக்கிறது. மையத்துக்கு வெளியே உள்ள பாதி வேலை நம்முடையது. அடுத்த காதுகுத்துக்கு அந்த வீட்டுக்கும் பத்திரிகை வைப்போம்.