நோயுள்ள வீட்டிற்கு எந்த ரோஜா?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளன்று நோயாளர்கள் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் மருந்து, உணவு, மறுவருகை ஆகியவை பற்றியனவே. வாலாஜாபாத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வருவோர் அவற்றோடு மற்றொன்றையும் கேட்பதுண்டு. "வாசலில் ரோஜாத் தொட்டி இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா?" மண்ணில் கிருமி உண்டு, முள் குத்தினால் புண் ஆறாது என்று உறவினர் ஒருவர் அச்சுறுத்தியிருப்பார். அதே வாரத்தில் வேறொருவர், நோயுற்றவர் மனம் மகிழட்டும் என்று நான்கு புதுச் செடிகளை வாங்கி வந்து இறக்கியிருப்பார். இருவரும் அன்பினால் செய்தவர்களே. ஆயினும் இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

தொட்டியை எடுத்தெறிய வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. ஆனால் எந்த ரோஜா, யாருடைய கை, எந்த மருந்து என்ற மூன்றையும் எண்ணாமல் வாங்கவும் கூடாது. கடையில் செடியைப் பார்க்கும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம். நோயுள்ள வீட்டினர் முதலில் பார்க்க வேண்டியது, அச்செடி எத்தனை முறை மருந்து தெளிக்கச் சொல்லும் என்பதையே. வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கிறார். இன்னொரு நோயாளியை விலைகொடுத்து வாங்கி வர வேண்டாம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நம் ஊர்ச் சந்தையிலும் சாலையோர வண்டிகளிலும் 'பெங்களூரு ரோஜா' என்ற பெயரில் விற்கப்படும் பெரிய, ஒற்றைத் தண்டுப் பூக்களைத் தரும் ஒட்டுச் செடிகள் பெரும்பாலும் கலப்பினத் தேயிலை ரோஜா எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அவ்வகையின் முதற்செடியாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' 1867-இல் பிரான்சு நாட்டில் தோன்றியது. அதன் வழிவந்தவற்றுள் பல குளிர்நாடுகளில், குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கென உருவாக்கப்பட்டவை. ஓசூரும் பெங்களூரும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கே அவை செழிக்கின்றன. உதகையின் அரசு ரோஜாப் பூங்கா 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. 1995-இல் தொடங்கப்பட்டு, 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் சிறப்பு விருது பெற்ற பூங்கா அது. அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, அதே பூவை நம் வாசலிலும் காண வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. பாலாற்றங்கரைச் சமவெளியின் சித்திரை வெயிலில் அச்செடி படும் பாட்டை வைகாசிக்குள் கண்டுவிடலாம். நுனியிலிருந்து தண்டு கருகி இறங்கும். இலையில் கரும்புள்ளி விழும். சிவப்புச் சிலந்தி பற்றும். பிறகு மருந்துக் கடைக்குச் செல்ல வேண்டியதுதான்.

இந்த உண்மையை நம் மாநிலத்தில் வாழ்ந்தே எடுத்துக் காட்டியவர் எம்.எஸ். வீரராகவன். 1980-இல் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறி, துணைவியார் கிரிஜாவுடன் புதிய ரோஜா வகைகளை உருவாக்கியவர் அவர். குளிர்நாட்டு ரோஜாக்களை வெப்பநாட்டில் வருத்தி வளர்ப்பதைவிட, வெப்பத்தைத் தாங்கும் ரோஜாக்களை நாமே உருவாக்குவது நன்று என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கென இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்றான ரோசா கிளைனோஃபில்லா, வங்கத்தின் ஆற்றங்கரைகளில் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் செடி. ரோஜா என்றாலே குளிரின் குழந்தை என்ற எண்ணத்தை அந்த ஒரு செடியே மறுத்துவிடும்.

நமக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவையும் இல்லை. மாலைக்கும் பூசைக்கும் உதிரிப்பூவாகத் தமிழகச் சமவெளியில் நெடுங்காலமாகப் பயிராகும் எட்வர்டு ரோஜா, பன்னீர் ரோஜா, ஆந்திரச் சிவப்பு ரோஜா ஆகியவை கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. பெயர்கள் கடைக்குக் கடை சற்று மாறும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். எட்வர்டு ரோஜா 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவில் அறியப்பட்டது. சீன ரோஜாவும் டமாஸ்கஸ் ரோஜாவும் கலந்து பிறந்தது. வெப்பம் அதற்குப் புதிதன்று. பூ சிறியது, இரண்டு நாளில் இதழ் உதிர்ந்துவிடும், படத்தில் பார்க்க அத்துணை எடுப்பாக இராது. ஆனால் மணம் உண்டு. வாரந்தோறும் மருந்து கேட்பதில்லை. போத்து நட்டால் தன் வேரிலேயே வளரும்.

தன் வேரில் வளர்வதன் நன்மையைச் சற்று விளக்க வேண்டும். ஒட்டுச் செடியில் மேலே ஓர் இனம், கீழே வேறோர் இனம். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் முரட்டுத் தளிர்களை உடனுக்குடன் கிள்ளாவிட்டால், மேலுள்ளது மடிந்து கீழுள்ளது செடியாகிவிடும். "சிவப்பு ரோஜா வாங்கினோம், இரண்டாண்டில் வெளிர்நிறச் சிறு பூவாக மாறிவிட்டது" என்று வியப்போர் பலர். மாறியது நிறமன்று, செடியே மாறிவிட்டது. நோயாளியின் மருந்து நேரங்களை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டினர், எந்தத் தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அஞ்சலில் வரவழைப்போருக்குச் சில சொற்கள். நீல ரோஜா என்று படம் காட்டி விதை விற்போரை நம்ப வேண்டாம். ரோஜாவில் நீல நிறமியே இயற்கையில் இல்லை. ஜப்பானிய நிறுவனம் ஒன்று மரபணு மாற்றத்தால் உருவாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூவும் இளம் ஊதாவாகவே இருந்தது. பொட்டலத்தில் வந்த செடியை ஒரு வாரம் நிழலில் வைத்துப் பின்னரே வெயிலுக்குக் கொண்டுவருக. ஆந்திரத்தின் கடியம் நாற்றுப் பண்ணைகளிலிருந்து வரும் செடிகளுக்கும் இதுவே பொருந்தும்.

இனி, நாங்கள் இக்கட்டுரையை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறோம். அது பூச்சிமருந்துப் புட்டி. ஒரே ஒரு ரோஜாத் தொட்டிக்காக யாரும் ஒரு லிட்டர் மருந்து வாங்குவதில்லை. வயல் வைத்திருக்கும் உறவினரிடமிருந்தோ கடையிலிருந்தோ சிறிதளவு குளிர்பானப் புட்டியில் ஊற்றி வாங்கி வருகின்றனர். அது சமையலறைச் சன்னலிலோ குளியலறை மாடத்திலோ பெயர்ச்சீட்டு இன்றி நிற்கிறது. பார்வை மங்கிய முதியவர் இருமல் மருந்தென்று எடுக்கிறார். குழந்தை பானமென்று எடுக்கிறது. மனம் சோர்ந்து கிடக்கும் நோயாளியின் கைக்கெட்டும் தொலைவில் நஞ்சு இருப்பது எத்துணைக் கேடு என்பதை நாங்கள் விரித்துரைக்கத் தேவையில்லை. அவசரப் பிரிவில் இருப்போர் இதை அறிவர்.

ஆகவே இந்த ஒன்றில் மட்டும் எங்கள் சொல் கண்டிப்பானது: நோயாளி உள்ள வீட்டிற்குள் ரோஜாவுக்கென எந்த வேதியியல் பூச்சிமருந்தும் வர வேண்டாம். அது இல்லாமல் வாழாத செடி என்றால் அச்செடியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் அசுவினி, மாவுப்பூச்சி பெரும்பாலும் அடங்கும். சிவப்புச் சிலந்தியை இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சியே குறைக்கலாம். கரும்புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்தி, காலையில் இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் ஊற்றினால் போதும். வேப்ப எண்ணெயையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், அதுவும் உட்கொள்ளத்தக்கதன்று.

எவரேனும் பூச்சிமருந்தைத் தவறி உட்கொண்டால் உப்புக் கரைசலோ சாணக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மருந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நிலைமை மேலும் கெடும். 108-ஐ அழையுங்கள், புட்டியை உடன் கொண்டு வாருங்கள். எச்சில் பெருக்கும் வியர்வையும், சுருங்கிய கண்பாவையும், மூச்சுத் திணறலும் காணும்வரை காத்திருக்க வேண்டாம்.

யாருடைய கை செடியைத் தொடலாம் என்பது அடுத்தது. எல்லா நோயாளருக்கும் ஒரே விடை இல்லை. காரைப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலோ வேறிடத்திலோ கீமோ சிகிச்சை பெற்று வருவோரின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மண்ணையும், பூச்சாடியின் நீரையும் தொடாதிருப்பது நலம். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் தேங்கிய நீரிலுள்ள கிருமிகளும் பிறருக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம், அவர்களுக்கு அப்படியன்று. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோருக்கும் இதுவே. எப்போது தொடலாம் என்பதை மருத்துவர் சொல்வார். கேட்கத் தயங்க வேண்டாம். அற்பமான வினா என்று எவரும் எண்ணமாட்டார்கள்.

மார்பகப் புற்றுக்காக அக்குளின் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்ட பெண்மணிகள் அப்பக்கக் கையில் முள் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். சிறு கீறலிலிருந்து தொற்று பரவி, கை வீங்கி, அவ்வீக்கம் நிலைத்துவிடக் கூடும். கவாத்து செய்வதைப் பிறரிடம் விட்டு, நீர் ஊற்றுவதைத் தாம் வைத்துக்கொள்ளலாம். டயாலிசிசுக்காகக் கையில் ஃபிஸ்துலா வைத்திருப்போர் அக்கையால் தொட்டியைத் தூக்கவோ நீர்க்குடம் சுமக்கவோ கூடாது. இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோருக்கு முள் குத்தினால் குருதி நிற்க நேரமாகும். கண்புரை அறுவைக்குப் பின் மருத்துவர் குறித்த வாரங்கள் வரை மண் கிளறுதல் வேண்டாம்.

நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்குவது எங்களை மிகவும் வருந்தச் செய்கிறது. உணர்விழந்த பாதத்தில் ஏறிய முள் பத்து நாள் கழித்தே தெரிய வரும். தவிர, மழைக்காலத்து ஈரமண்ணில் மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். அது நீரிழிவு உள்ளோரையே பெரிதும் பற்றுகிறது. காலணியும் கையுறையும் அணிக. கீறலைச் சோப்பிட்டுக் கழுவுக. ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்க. தறி உள்ள வீட்டினருக்கு இன்னும் ஒன்று. முள் கீறிச் சொரசொரத்த விரல் பட்டிழையை இழுத்துவிடும் என்பதை நெசவாளருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கையுறைக்கு அந்த ஒரு காரணமே போதும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் செடி வேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களை ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டனர். ஆராயப்பட்டவர்கள் 46 பேர் மட்டுமே. இதைக் கொண்டு ரோஜா நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். நாங்கள் காண்பது வேறு. நோயுற்றவருக்கு வீட்டில் எல்லாரும் ஏதேனும் செய்கிறார்கள். அவர் யாருக்கும் எதுவும் செய்ய இயலாமல் இருக்கிறார். காலையில் ஒரு செம்பு நீர் ஊற்றும் பொறுப்பு அவருடையதாக இருந்தால், அந்த நிலை சற்றே மாறுகிறது. வாசலில் ஒரு நாற்காலியும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தொட்டியும் போதும். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்குச் சன்னலுக்கு வெளியே, ஐந்தாறு மணி நேர வெயில் படுமிடத்தில் வையுங்கள். அறைக்குள் ரோஜா பூக்காது.

இப்பொறுப்பு பராமரிப்பவர் தலையில் விழுந்துவிடக் கூடாது. விடியலில் எழுந்து, கஞ்சி காய்ச்சி, புண் கட்டி, பேருந்து பிடித்து மாத்திரை வாங்கி வரும் மகளிடமோ மருமகளிடமோ பத்துத் தொட்டிகளை ஒப்படைப்பது கருணையன்று. ஒன்று அல்லது இரண்டு செடிகள் போதும். செடி வாங்கி வருகிறேன் என்னும் உறவினரிடம், வாரம் ஒரு நாள் வந்து கவனித்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறையொன்றும் இல்லை.

எனவே புதுச் செடி வாங்க எண்ணுவோர் ஐப்பசி வரை பொறுத்திருங்கள். தெருவில் எட்வர்டு ரோஜாவோ பன்னீர் ரோஜாவோ வைத்திருப்பவர்கள் அப்போது கவாத்து செய்வார்கள். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், நான்கு போத்துகளைக் கேட்டு வாங்குங்கள். செம்மண், மணல், நன்கு மட்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து, அடியில் துளையிட்ட தொட்டியில் பாதி மறையுமாறு நட்டு நிழலில் வையுங்கள். தொட்டியின் கீழ் தட்டு வைத்தால், கொசு முட்டையிடாதபடி அதிலுள்ள நீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள். நான்கில் இரண்டு துளிர்த்தாலும் போதுமானது.