நகலுக்கும் ஒரு நகல்

குடும்பத்தார் அனைவருடைய கைப்பேசிப் படங்களையும், நிலப் பத்திரங்கள், சான்றிதழ்கள் முதலியவற்றின் நகல்களையும் ஓரிடத்தில் திரட்டி வைக்கும் 'நாஸ்' என்னும் சேமிப்புப் பெட்டி இன்று இல்லங்களிலும் இடம்பெறத் தொடங்கிவிட்டது. வீட்டு வைஃபையின் வழியே எவரும் அதனை அணுகலாம். அதனுடன் வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றையும் வாங்குங்கள் என நாம் கூறினால், "பெட்டிக்குள்ளேயே இரண்டு டிஸ்குகள் உள்ளனவே, ஒன்று பழுதுற்றால் மற்றொன்று காக்குமே, மூன்றாவது எதற்கு?" என்று வாசகர் வினவுவர். நியாயமான வினாவே.

அவ்விரண்டும் பெரும்பாலும் 'ரெய்டு 1' என்ற முறையில் இயங்குபவை. ஒன்றில் எழுதப்படுவது அக்கணமே மற்றொன்றிலும் எழுதப்படும், அழிக்கப்படுவதும் அவ்வாறே. குழந்தை விளையாட்டாகத் திருமணப் படத் தொகுப்பை நீக்கிவிட்டால் இரண்டிலும் அது இராது. (குப்பைத்தொட்டி வசதியை முன்னரே இயக்கி வைத்தோர் பிழைத்தனர்.) தீயோ, வெள்ளமோ, திருடனோ வந்தால் பெட்டி முழுதுமே போகும். இவற்றினும் கொடியது இணையவழி வரும் கேடு. 2021 ஏப்ரலில் 'கியூலாக்கர்' என்னும் தீநிரல் கியூநாப் நிறுவனத்தின் பெட்டிகள் பலவற்றுள் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, விடுவிக்க 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் வந்த 'டெட்போல்ட்' கேட்டதோ 0.03 பிட்காயின். இத்தகைய வேளையில் கலங்கத் தேவையில்லாதவர், பெட்டியினின்று கழற்றிய நகலொன்றை அலமாரியில் வைத்திருப்பவரே.

டிஸ்க் வாங்குகையில், பெட்டியிலுள்ள கோப்புகளின் அளவைப்போல் இருமடங்கு கொள்வதாகத் தேர்தல் நலம். 2 டெராபைட் நிரம்பியிருந்தால் 4 டெராபைட் வேண்டும். பழைய பதிப்புகளுக்கும் இடம் வேண்டுமன்றோ? யூஎஸ்பி வழியே இணைத்ததும், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அதனை 'ஃபார்மட்' செய்க. முன்பு அதிலிருந்தவை யாவும் அழியும் என்பதை மறத்தலாகாது. 'எக்ஸ்ட்4' என்னும் வடிவம் இப்பெட்டிகளுக்கு உகந்தது. ஆயினும் அதனை விண்டோஸ் கணினியில் நேரே சொருகினால் திறவாது.

பின்னர், சினாலஜி பெட்டியாயின் 'ஹைப்பர் பேக்அப்', கியூநாப் ஆயின் 'ஹைப்ரிட் பேக்அப் சிங்க்' என்னும் நிரலைத் திறந்து, காக்க வேண்டிய தொகுப்புகளைக் குறித்து, வாரம் ஒருமுறை எனக் கால அட்டவணை அமைக்கலாம். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்திலும் 1 டெராபைட் நகலாக ஏறத்தாழ 3 மணி நேரம் பிடிக்கும். சிறு கோப்புகள் மிகுதியாயின் இன்னும் நீளும். ஆதலின் முதல் நகலை இரவில் தொடங்குக. பின்னர் மாறியவை மட்டுமே செல்லும். பல பதிப்புகளைப் பேணும் வகையையே தேர்ந்தெடுங்கள். வெறும் ஒத்திசைவு, அழிந்ததை அங்கும் அழித்துவிடக் கூடும். பணி முடிந்ததும் முறைப்படி 'இஜெக்ட்' செய்து டிஸ்கைக் கழற்றுக. எப்போதும் சொருகியே கிடந்தால், பெட்டியைத் தாக்கும் தீநிரல் அதனையும் விடாது. இயலுமாயின் இரண்டு டிஸ்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை உடன்பிறந்தார் இல்லத்தில் வைக்கலாம்.

நகல் எடுத்தல் பாதி வேலையே. 1998இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில், 'டாய் ஸ்டோரி 2' திரைப்படத்தின் கோப்புகள் தவறான கட்டளை ஒன்றால் மளமளவென அழிந்தன. நகலைத் தேடினர்; அது சரிவர இயங்காதிருந்தது அப்போதுதான் தெரிந்தது! கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அக்கணினியைப் போர்வையிற் சுற்றிக் காரில் கொண்டு வந்தனர். திரைப்படப் பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனில், நாம் மூன்று திங்களுக்கொருமுறை ஏதேனும் ஐந்து படங்களை நகலினின்று மீட்டுத் திறந்து பார்ப்பது மிகையாகாது.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு சொல். நகலை மறைக்குறியீடு இட்டுப் பூட்டியிருப்பின், கடவுச்சொல் தொலைந்தால் தயாரித்த நிறுவனத்தாராலும் திறக்க இயலாது. கணவர் ஒருவருக்கே தெரிந்திருந்து, அவர் திடீரெனக் காலமானால், துணைவியாரும் மக்களும் படங்களையும் இழப்பர். அதனைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களுடன் வைத்து, வளர்ந்த பிள்ளை ஒருவரையேனும் அருகிருத்தி மீட்டுக் காட்டுக. எந்தப் பெட்டிக்குரியது, எந்த நிரலால் எடுத்தது, கடைசி நகலின் தேதி யாது என்பவற்றை எழுதி டிஸ்கின்மீதே ஒரு சீட்டும் ஒட்டலாம்.

பழைய காகிதப் புகைப்படங்களை ஸ்கேன் செய்யும் முறையை அடுத்த இதழில் காண்போம்.