ஸ்காட்லாந்தில் மீண்டும் பொதுவாக்கெடுப்பா? கேள்வி கேட்கும் அதிகாரம் யாரிடம்?

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு 2026 மே 7-ஆம் தேதி தேர்தல் நடைபெறவுள்ள நிலையில், தனிநாடு குறித்த இரண்டாவது பொதுவாக்கெடுப்பு மீண்டும் விவாதப் பொருளாகியுள்ளது. மொத்தமுள்ள 129 இடங்களில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி (எஸ்என்பி) தனித்து 65 இடங்களைப் பெற்றால், அதையே வாக்கெடுப்புக்கான மக்கள் ஆணையாக ஏற்க வேண்டும் என்கிறார் அக்கட்சியின் தலைவரும் ஸ்காட்லாந்து முதலமைச்சருமான ஜான் ஸ்வின்னி. கடந்த அக்டோபரில் அபர்தீன் நகரில் நடைபெற்ற கட்சி மாநாடு இந்த வியூகத்துக்கு ஒப்புதல் அளித்தது. பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் அதற்கு இடமில்லை என்று கூறி வருகிறார்.

இரு தரப்பினரும் ஜனநாயகத்தின் பெயராலேயே பேசுகின்றனர். மக்கள் கேட்டால் வாக்கெடுப்பு நடத்துவதே ஜனநாயகம் என்பது ஒரு வாதம். மக்கள் ஏற்கெனவே அளித்த தீர்ப்பை மதிப்பதே ஜனநாயகம் என்பது மற்றொரு வாதம். ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை மீண்டும் எப்போது கேட்கலாம், அதை முடிவு செய்பவர் யார் என்பதே இப்போதைய பூசலின் மையம்.

2014-இல் நடந்தது

2011 தேர்தலில் எஸ்என்பி 69 இடங்களைக் கைப்பற்றித் தனிப்பெரும்பான்மை பெற்றது. இதையடுத்து, அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் 2012 அக்டோபரில் எடின்பர்க் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் 1998-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் 30-ஆவது பிரிவின்கீழ் தற்காலிகமாக எடின்பர்குக்கு வழங்கப்பட்டது. 16, 17 வயதினருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்டது.

2014 செப்டம்பர் 18-ஆம் தேதி நடைபெற்ற வாக்கெடுப்பில் 84.6 சதவீத வாக்குகள் பதிவாகின. தனிநாட்டுக்கு எதிராக 55.3 சதவீதத்தினரும் ஆதரவாக 44.7 சதவீதத்தினரும் வாக்களித்தனர். முடிவை இரு தரப்பும் ஏற்றன. எங்கும் கலவரம் மூளவில்லை. பிரிவினைக் கேள்விகள் ரத்தமின்றித் தீர்வது உலகில் அரிது என்பதால், அந்த முன்னுதாரணத்தின் மதிப்பு பெரிது.

மறுவாக்கெடுப்பை எதிர்ப்போர் தொடங்கும் இடமும் அதுவே. ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வாய்க்கும் வாய்ப்பு என்று அன்று பரப்புரை செய்தவர்கள் தனிநாட்டு ஆதரவாளர்களே என்பதை அவர்கள் நினைவூட்டுகின்றனர். அவர்களிடம் இதைவிட வலுவான வாதம் ஒன்றும் உண்டு. 'வேண்டாம்' என்ற தரப்பு ஒவ்வொரு முறையும் வென்றாக வேண்டும். 'வேண்டும்' என்ற தரப்புக்கோ ஒரே ஒரு வெற்றி போதும். பிரிந்த பின் மீண்டும் இணைவதற்கான வாக்கெடுப்பை யாரும் முன்மொழிவதில்லை. தோற்றவர் விரும்பும்போதெல்லாம் ஆட்டத்தை மீண்டும் தொடங்கலாம் என்றால், அது சமமான போட்டியாகாது.

எனினும், அந்தத் தலைமுறை என்பது எத்தனை ஆண்டுகள் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. 2014-க்குப் பின் கூடுதல் அதிகாரங்களைப் பரிந்துரைத்த ஸ்மித் ஆணையத்தின் அறிக்கை, ஸ்காட்லாந்து மக்கள் விரும்பினால் எதிர்காலத்தில் தனிநாடாவதைத் தனது பரிந்துரைகள் தடுக்காது என்று குறிப்பிட்டது. ஆணையத்தில் இடம்பெற்ற ஐந்து கட்சிகளும் அதை ஏற்றன.

பிரெக்ஸிட் ஏற்படுத்திய மாற்றம்

ஒன்றியத்தில் நீடித்தால்தான் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை உறுதி என்பது 2014-இல் தனிநாட்டு எதிர்ப்பாளர்கள் முன்வைத்த முக்கிய வாதங்களுள் ஒன்று. ஆனால் 2016 ஜூன் 23-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டன் வெளியேற முடிவு செய்தது. ஸ்காட்லாந்தில் 62 சதவீதத்தினர் நீடிக்கவே வாக்களித்திருந்தனர். அங்குள்ள 32 உள்ளாட்சிப் பகுதிகளுள் ஒன்றுகூட வெளியேற்றத்தை ஆதரிக்கவில்லை. வாக்காளர்களிடம் சொல்லப்பட்ட நிலைமையே மாறிவிட்டதால் பழைய தீர்ப்பு எவ்வாறு செல்லும் என்று எஸ்என்பி கேட்கிறது.

வாக்காளர்களும் மாறியுள்ளனர். இந்தத் தேர்தலின்போது 27 வயதை எட்டாத எவரும் 2014-இல் வாக்களித்தவர் அல்லர். இம்முறை முதன்முறையாக வாக்களிக்கும் 16 வயதினர் அப்போது நான்கைந்து வயதுக் குழந்தைகள்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரெக்ஸிட் குறித்து மறுவாக்கெடுப்பு வேண்டுமென எஸ்என்பி கோரியபோது, மக்கள் தீர்ப்பு இறுதியானது என்றது கன்சர்வேட்டிவ் அரசு. ஒரு முறை கேட்டால் போதுமா என்ற கொள்கைக்கு, யார் வென்றார் என்பதைப் பொறுத்தே இரு கட்சிகளிடமும் பதில் கிடைக்கிறது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

2021 தேர்தலில் எஸ்என்பி 64 இடங்களையும் பசுமைக் கட்சி 8 இடங்களையும் வென்றன. அவையில் தனிநாட்டு ஆதரவாளர்கள் தெளிவான பெரும்பான்மை பெற்றபோதும் லண்டன் இணங்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. லண்டனின் ஒப்புதலின்றி வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று ரீட் பிரபு தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2022 நவம்பர் 23-ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அறிவுரைத் தன்மை கொண்ட வாக்கெடுப்பும் ஒன்றியத்தைப் பாதிக்கும் என்று கூறிய நீதிமன்றம், சுயநிர்ணய உரிமை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை.

அதிகாரம் லண்டனிடம் உள்ளது என்பது அதனால் தெளிவாயிற்று. அதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி அன்று.

அடுத்த பொதுத் தேர்தலையே வாக்கெடுப்பாகக் கருதலாம் என்று அப்போதைய முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன் அறிவித்தார். 2023 பிப்ரவரியில் அவர் பதவி விலகலை அறிவித்தார். 2024 பொதுத் தேர்தலில் ஸ்காட்லாந்தின் 57 தொகுதிகளுள் எஸ்என்பிக்குக் கிடைத்தவை ஒன்பதே. 2019-இல் அது 48 தொகுதிகளை வென்றிருந்தது. பள்ளி, மருத்துவமனை, வரி எனப் பல காரணங்களுக்காக அளிக்கப்படும் வாக்கை ஒரே கேள்விக்கான விடையாக வாசிப்பது இரு முனையும் கூரான கத்தி.

65 இடங்கள் என்ற ஸ்வின்னியின் அளவுகோலுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2011-இல் 69 இடங்கள் பெற்றபோதும் எஸ்என்பியின் தொகுதி வாக்குகள் சுமார் 45 சதவீதமே. ஆயினும் கேள்வி கேட்பதற்கான தகுதியும் அதற்கு விடையளிப்பதற்கான தகுதியும் வேறு. முன்னதற்கு அவையின் பெரும்பான்மை போதும் என்பதைக் கேமரூன் 2012-இல் நடைமுறையில் ஏற்றுக்கொண்டார். பின்னதற்கு மக்களின் பெரும்பான்மை வேண்டும். அதை வாக்கெடுப்புதான் காட்ட முடியும்.

கியூபெக், நியூ கலிடோனியா

அனுமதித்தால் முடிவில்லாத வாக்கெடுப்புகளில் நாடு சிக்கும் என்ற அச்சத்துக்குக் கனடாவின் கியூபெக் மாகாணம் ஓரளவு விடையளிக்கிறது. அங்கு வாக்கெடுப்பை நடத்தும் முடிவை மாகாணமே எடுத்தது. இறையாண்மைக் கோரிக்கை 1980-இல் ஏறத்தாழ 60 சதவீத வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது. 1995-இல் சுமார் 54 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதன்பின் முப்பது ஆண்டுகளாக மூன்றாவது வாக்கெடுப்பு நடக்கவில்லை. இடையில் பார்ட்டி கெபெக்வா கட்சி ஆட்சிக்கு வந்தும் நடத்தவில்லை. வாக்காளர்களின் சலிப்பே அதற்குத் தடையாக நின்றது. இப்போது அக்கட்சி மீண்டும் வாக்கெடுப்பு வாக்குறுதியுடன் களமிறங்கியுள்ளது.

எதிர்த்திசைப் பாடம் பசிபிக் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான நியூ கலிடோனியாவில் கிடைக்கிறது. 1998 நூமியா உடன்படிக்கைப்படி அங்கு மூன்று வாக்கெடுப்புகள் நடந்தன. விடுதலைக்கு எதிரான வாக்குகள் 2018-இல் 56.7 சதவீதமாகவும் 2020-இல் 53.3 சதவீதமாகவும் இருந்தன. கொரோனா உயிரிழப்புகளால் துக்கத்தில் இருப்பதாகக் கூறி, மூன்றாவது வாக்கெடுப்பைத் தள்ளிவைக்குமாறு கனாக் பழங்குடித் தலைவர்கள் வேண்டினர். பிரான்ஸ் மறுத்ததால் அவர்கள் புறக்கணித்தனர். 2021 டிசம்பரில் 96.5 சதவீதத்தினர் விடுதலையை நிராகரித்ததாக முடிவு வந்தது; ஆனால் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு. வாக்காளர் பட்டியல் மாற்றம் தொடர்பாக 2024 மே மாதத்தில் அங்கு வன்முறை வெடித்தது. தோற்றவர் ஏற்காத வாக்கெடுப்பால் எதுவும் தீர்வதில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி எழுவதற்கே சட்ட அடிப்படை இல்லை. இந்தியக் கூட்டாட்சி மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தால் உருவானதன்று. எனவே பிரிந்து செல்லும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ஆம் தேதி விளக்கினார். ஸ்காட்லாந்தோ 1707-இல் உடன்படிக்கை மூலம் இங்கிலாந்துடன் இணைந்த நாடு.

விருப்பத்தால் அமைந்த ஒன்றியம் என்று பிரிட்டன் தலைவர்களே கூறிக்கொள்ளும் நிலையில், வெளியேறும் வழி எழுதப்படாமல் இருப்பதுதான் இதிலுள்ள ஜனநாயகக் குறை. பிரிட்டனின் மற்றொரு பகுதியான வடக்கு அயர்லாந்துக்கு அந்த வழி சட்டத்திலேயே உண்டு. ஐக்கிய அயர்லாந்துக்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்கக்கூடும் என்று தோன்றினால் அமைச்சர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட வேண்டும். இரு வாக்கெடுப்புகளுக்கிடையே குறைந்தது ஏழு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டு வடக்கு அயர்லாந்துச் சட்டம். அமைச்சருக்கு எப்போது அப்படித் தோன்றும் என்பது அங்கும் விவாதத்துக்குரியதே. ஆனாலும் கால இடைவெளியும் நிபந்தனையும் இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரியும்.

மே தேர்தலில் எஸ்என்பி 65 இடங்களைத் தொட்டால், 30-ஆவது பிரிவின்கீழ் அதிகாரம் கோரும் கடிதம் மீண்டும் லண்டனுக்குச் செல்லும். 2017-இல் தெரசா மேயும் 2020-இல் போரிஸ் ஜான்சனும் இத்தகைய கோரிக்கைகளை நிராகரித்தனர். அதற்குக் காரணம் கூற வேண்டும் என்றோ, எத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஏற்க வேண்டும் என்றோ அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.