நாயின் தாகமும் பசுவின் புனிதமும்

பக்ரீத் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுப்பப்படுகிறது: இஸ்லாத்தில் விலங்குகளுக்கு இரக்கம் உண்டா? கேட்கப்படும் தொனியே அதன் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. எனினும், சட்டம் பயின்ற நாம் இதைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை.

நிலத்தில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் மனிதர்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது திருக்குர்ஆன் (6:38). பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு உள்ளானதையும், தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும் நபிமொழிகள் கூறுகின்றன. நாயின் எச்சில் தூய்மையற்றது என்பது சட்ட அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் அதன் தாகம் தாகமாகவே மதிக்கப்பட்டது. இரக்கத்திற்கு அளவுகோல் உயிரின் வேதனையே, தூய்மை அன்று.

இவ்வறம் சட்டமாகவும் வளர்ந்தது. 1262இல் மறைந்த ஷாஃபி அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம், மனிதன்மீது விலங்குக்கு உள்ள உரிமைகளைப் பட்டியலிட்டார். முதுமையாலோ நோயாலோ பயன்படாமல் போனாலும் உணவளிக்க வேண்டும். தாங்க இயலாச் சுமை ஏற்றலாகாது. குட்டியைத் தாயின் கண்முன் அறுக்கலாகாது. உரிமையாளர் உணவளிக்க மறுத்தால் நீதிபதி அவரைக் கட்டாயப்படுத்தலாம் என்றனர் ஷாஃபி, ஹன்பலி அறிஞர்கள். அது இறைவன்முன் கடமையே, நீதிமன்றம் கட்டாயப்படுத்த இயலாது என்பது ஹனஃபி மரபில் மேலோங்கிய கருத்து. அம்மரபின் அபூ யூசுஃப் அதிலிருந்து மாறுபட்டார்.

இம்மரபு உணவுக்காக அறுப்பதைத் தடை செய்யவில்லை. விலங்கை மனிதனுக்குச் சமமாக்கவுமில்லை. ஆனால் அதிகாரம் உடையவனையே பொறுப்பாளியாக்கியது. நெரிசலான லாரிகளில் நீரின்றி ஏற்றிச் செல்லப்படும் கால்நடைகளை முன்வைத்து இன்றைய முஸ்லிம் வணிகரையும் நுகர்வோரையும் கேள்வி கேட்க, இந்த மரபே போதும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? வயது முதிர்ந்த காளைகளையும் எருதுகளையும்கூட அறுக்கக்கூடாதென்ற குஜராத் சட்டத்தை 2005இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு செல்லுமென்றது. உயிர்களிடம் கருணை காட்டும் அடிப்படைக் கடமையும் அத்தீர்ப்பில் துணைக்கு அழைக்கப்பட்டது. அதே குஜராத்தின் உனாவில், 2016 ஜூலையில், இறந்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் அரைநிர்வாணமாக்கப்பட்டு, காரில் கட்டி அடிக்கப்பட்டனர். அங்கே எந்த விலங்கும் வதைபடவில்லை, வதைபட்டோர் மனிதர்கள். பசுவின் பெயரால் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் கதையும் இதிலிருந்து வேறானதன்று.

ஆகவே, இரக்கம் வேறு, புனிதம் வேறு. இரக்கம் வலியவனைக் கட்டுப்படுத்துகிறது. புனிதமோ ஒரு விலங்கை உயர்த்தி, அதைத் தொட்டுப் பிழைப்பவரைத் தாழ்த்துகிறது. சாதி நமக்குக் கற்பித்த பாடமும் இதுவே. விலங்கு நலச் சட்டங்களை நாம் எதிர்க்கவில்லை. அவை விலங்கின் வேதனையைப் பேசட்டும். உண்பவரின் மதத்தையும் தோல் உரிப்பவரின் சாதியையும் தேடி அலைய வேண்டாம்.