ஏரிக்கரை ஊர்களுக்கு ஓர் அறிவியல் மேடை

மழைக்காலந்தோறும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்த்திறப்புச் செய்தி நம் செவிக்கு எட்டுகிறது. ஒரு கனஅடி ஏறத்தாழ 28 லிட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நொடிக்கு 29,000 கனஅடி, அதாவது எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல், அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. இக்கணக்கு அறிந்தவருக்கே எச்சரிக்கையின் பொருள் முழுமையாக விளங்கும்.

1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், நாடகமும் பாட்டுமாக அறிவியலை ஊர்தோறும் எடுத்துச் சென்றது. அந்த வழியே இன்றும் தேவை. பணி முடித்துத் திரும்பும் தொழிலாளியும், நோயாளியைப் பேணும் தாயும் நகரத்து அரங்குகளுக்குச் செல்வது அரிது. அறிவியல் உரைகள் அவர்களைத் தேடி வரவேண்டும்.

நம் பகுதிப் பள்ளிகளில், மாலை வேளையில், நீர்ப்பாசனப் பொறியாளரும் மருத்துவரும் ஒரே மேடையில் பேசட்டும். வெள்ளநீரில் நடந்தவரின் காற்புண் வழியே எலிக்காய்ச்சல் கிருமி நுழையக்கூடும்; பின்னர்க் காய்ச்சல் கண்டால், வெள்ளநீரில் நடந்ததையும் மருத்துவரிடம் கூறவேண்டும். இவ்வொரு செய்தியை முன்கூட்டியே அறிந்த குடும்பம் சிகிச்சைக்குக் காலந்தாழ்த்தாது.

அம்மேடையின் பாதி நேரம் கேட்போரின் வினாக்களுக்கே உரியதாகட்டும். அங்கே தயக்கமின்றி வினவப் பழகியவர், மருத்துவர் முன்னும் தயங்கமாட்டார்.